ஷாம்ப்ளேனின் வளையமும் என் பிளைவுட் வட்டமும்

ஷாம்ப்ளேன், நானூறு வருஷத்துக்கு முன் கனடாவைச் சுற்றி வந்து வரைபடம் போட்ட பிரெஞ்சுக்காரர். கனடாவின் ஒட்டாவாவில் ஆற்றோர மேட்டில் நிற்கும் அவர் சிலையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கையில் ஒரு வட்டத்தை உயர்த்திப் பிடித்திருப்பார். 1915-இல் ஹாமில்டன் மக்கார்த்தி வடித்த சிலை. "அப்பா, அந்த ஆஸ்ட்ரோலேப்பை அவர் தலைகீழா பிடிச்சிருக்கார், தெரியுமா?" என்று மகள் கேட்டபோதுதான் அது என்ன கருவி என்றே யோசித்தேன். படித்துப் பார்த்ததில், சூரியன் வானில் எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறது என்று அளக்க, வளையத்தில் கோத்துத் தொங்கவிட வேண்டிய சாமான் அது என்று தெரிந்தது. சரி, ஒன்று செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

வேலை எளிது. வட்டத்தின் ஓரத்தில் டிகிரிக் கோடுகள். நடுவில் சுழலும் ஒரு சட்டம், அதன் இரு முனையிலும் ஓட்டை போட்ட சின்னத் தகடு. உச்சி வேளையில் மேல் ஓட்டை வழியாக வரும் வெயில் கீழ் ஓட்டையில் விழும்வரை சட்டத்தைத் திருப்ப வேண்டும். சூரியனைக் கண்ணால் பார்க்கவே தேவையில்லை. கிடைத்த உயரத்தை 90-இல் கழித்து, அன்றைக்குச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு எத்தனை டிகிரி வடக்கே இருக்கிறதோ அதைக் கூட்டினால் நாம் நிற்கும் அட்சரேகை. ஷாம்ப்ளேன் காலத்தில் அந்தக் கணக்குக்கு அச்சிட்ட அட்டவணைகள் இருந்தன, எனக்கு இணையம்.

முதல் முயற்சி பீட்சா அட்டை. ஜூன் 21, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் திடல். கடிகாரத்தில் ஒரு மணி ஐந்து நிமிடத்துக்குத்தான் இங்கே உண்மையான உச்சி, கோடைக்கால நேரம் செய்யும் வேலை. லேசான காற்றுக்கே அட்டை காற்றாடியாகிவிட்டது. வெயில் புள்ளி ஓட்டையைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. ஒருவழியாக 66 டிகிரி என்று எழுதிக்கொண்டேன். 90-இல் 66 போக 24, அதோடு 23.4, ஆக 47.4. ஒட்டாவா இருப்பது 45.4-இல். ஒரு டிகிரி என்றால் 111 கிலோமீட்டர். 220 கிலோமீட்டர் வடக்கே ஏதோ காட்டில் நின்றிருக்கிறேன்.

அப்புறம்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டினோவில் கனடிய வரலாற்று அருங்காட்சியகம் வைத்திருக்கும் பித்தளை ஆஸ்ட்ரோலேப்பின் படத்தை உற்றுப் பார்த்தேன். அதில் 1603 என்று பொறித்திருக்கிறது. 1867-இல் ஒன்டாரியோவின் கோப்டன் பக்கம் எட்வர்ட் லீ என்ற 14 வயதுப் பையன் கண்டெடுத்தது. 1613-இல் ஷாம்ப்ளேன் அந்த வழியாகப் போனார் என்பதால் அவர் தொலைத்தது என்று பேச்சு. ஆனால் தொலைத்ததாக அவர் எங்கும் எழுதவில்லை. அதனால் அது அவருடையதா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. எனக்கு வேண்டியது வேறு. அதன் உடம்பில் பெரிய பெரிய ஓட்டைகள், அடிப்பாகம் கனம். காற்று ஊடே போய்விடும், கனம் ஆடவிடாது. அட்டையோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டிய எனக்கு அது உடனே புரிந்தது.

இரண்டாவது, 9 மில்லிமீட்டர் பிளைவுட், 20 செ.மீ. வட்டம். நான்கு கால்பாகங்களையும் அறுத்து எடுத்தேன், அடியில் ஆறு வாஷர் திருகினேன். நடு ஓட்டை முதலில் ஒரு மில்லிமீட்டர் விலகிப் போனதில் ஒரு பலகை வீண். இந்த அளவு வட்டத்தில் ஒரு டிகிரிக்கு ஓரத்தில் இடம் 1.7 மில்லிமீட்டர்தான். அருங்காட்சியகத்தில் இருப்பது சுமார் 13 செ.மீ.; அதில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நகக்கண் அளவு தப்பினால் ஊரே மாறிவிடும்.

ஜூலை 5. ஒரு பக்கம் பிடித்தபோது 67.5, வட்டத்தைத் திருப்பிப் பிடித்தபோது 66.5. சராசரி 67. 90-இல் 67 போக 23, அதோடு அன்றைய 22.8, ஆக 45.8. பிழை 45 கிலோமீட்டர் அளவு. ஆறு வாஷருக்கும் நான்கு ஓட்டைக்கும் இது நல்ல லாபம்.

தெம்பு வந்து, பக்கத்து ஓடையையும் காட்டையும் திசைகாட்டியும் காலடியும் வைத்து வரைந்தேன். என் காலடி 72 செ.மீ. இரண்டு சாயங்காலம் நடந்து வரைந்ததைக் கூகுள் படத்தோடு வைத்துப் பார்த்தால் மொத்தக் காடும் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இங்கே காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து 12 டிகிரிக்கு மேல் மேற்கே விலகும். அதைக் கழிக்க மறந்துவிட்டேன். ஷாம்ப்ளேனின் 1612 வரைபடமும் இப்படி ஊசி காட்டிய திசையில்தான் சாய்ந்திருக்கிறது. அவர் மறக்கவில்லை, தெரிந்தே விட்டார். மாலுமிகள் கையில் இருப்பதும் திருத்தாத ஊசிதானே.

ஓடை எங்கே போய் மறைகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. நாயோடு நடக்க வந்த ஒரு பாட்டி என் பென்சிலை வாங்கி, மளிகை ரசீதின் பின்பக்கத்தில் மூன்றே கோட்டில் காட்டிவிட்டார்: சாலைக்கு அடியில் குழாய், மறுபக்கம் குளம். 1605-இல், இன்றைய அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில் இருக்கும் கேப் ஆன் முனையில் ஷாம்ப்ளேனுக்கும் இதே கதைதான். அவர் கரியால் கரையை வரைந்து காட்ட, அங்கிருந்த மக்கள் அதே கரியை வாங்கி அவர் பார்க்காத விரிகுடாவை வரைந்தார்கள். ஆறு கூழாங்கற்களை வைத்து ஆறு தலைவர்களின் இடங்களையும் காட்டினார்கள். அவர் படங்களில் கால் வைக்காத ஏரிகளும் வந்திருப்பது இப்படித்தான். கருவி கொடுத்ததைவிட வாய் கொடுத்தது அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

பெயர் மட்டும் கேட்டவரோடு போய்விட்டது. 1609-இல் மோஹாக் மக்களோடு நடந்த சண்டையில் துப்பாக்கி எடுத்துச் சுட்டவர், அங்கிருந்த ஏரிக்குத் தன் பெயரையே வைத்தார். சிலைக்குக் கீழே மண்டியிட்டிருந்த அனிஷினாபே பழங்குடி வழிகாட்டியின் உருவத்தை 1999-இல்தான் அங்கிருந்து எடுத்துப் பக்கத்துப் பூங்காவில் வைத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை, ஷாம்ப்ளேனின் நம்பகமான உருவப்படம் ஒன்றுகூடக் கிடையாது. பாடப்புத்தகத்து முகம் வேறொருவருடைய ஓவியத்திலிருந்து வந்தது. 1635 கிறிஸ்துமஸ் அன்று கியூபெக்கில் இறந்தார். கல்லறை எங்கே என்று இன்னும் தேடுகிறார்கள்.

அடுத்த அளவு செப்டம்பர் 22 வாக்கில். சூரியன் நிலநடுக்கோட்டின் மேலேயே இருக்கும், கூட்டவோ கழிக்கவோ ஒன்றுமில்லை, 44.6 வந்தாக வேண்டும். அதற்குள் சட்டத்தின் நுனியை அரத்தால் கூராக்க வேண்டும். இப்போது அதன் தடிமனே அரை டிகிரியை மறைக்கிறது.