சும்மா இருக்க ஒரு ஏற்பாடு

பிரஷர் லேசாக எட்டிப் பார்க்கிறது என்ற டாக்டர், மாத்திரைச் சீட்டு எழுதப் பேனாவை எடுத்துவிட்டு மறுபடி மூடி வைத்தார். "தினமும் ஒரு இருபது நிமிஷம் கண்ணை மூடி, மூச்சைக் கவனிச்சுக்கிட்டு சும்மா உட்காருங்கம்மா. ஒரு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

மாத்திரையே கொடுத்திருக்கலாம். ஒரு மடக்குத் தண்ணீரோடு வேலை முடிந்திருக்கும். இருபது நிமிஷம் சும்மா உட்கார வீட்டில் ஓர் இடம் தேடவே எனக்கு மூன்று வாரம் ஆனது.

ஹால் டி.வி.க்குச் சொந்தம். படுக்கையறையில் வீட்டுக்காரரின் குறட்டை. மொட்டை மாடியில் மலைக்கோட்டை அழகாகத் தெரியும்தான். ஆனால் எதிர்மாடியில் ஒருவர் பல் தேய்த்துக்கொண்டே நாம் என்ன செய்கிறோம் என்று பார்ப்பார், கொப்பளிக்கும்வரை பார்ப்பார். மிச்சம் இருந்தது சாமான் அறை. அரிசி மூட்டை, இன்வர்ட்டர், மகன் ஆடிய தொட்டில் கம்பி, ஒரு கால் இல்லாத ஸ்டூல் எல்லாம் குடியிருக்கும் இடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை ஒழித்தேன். ஒழித்தேன் என்பது என் பக்கத்துக் கணக்கு. நான் வெளியே வைக்க வைக்க, வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். பழைய குக்கர் கேஸ்கட் மட்டும் ஒன்பது இருந்தது. குக்கர் இரண்டுதான். "ரப்பர் நல்லாத்தானே இருக்கு, எதுக்காவது ஆகும்" என்றார். எதற்கு ஆகும் என்று கேட்டால், அது ஆகிற நாளில் தெரியுமாம். சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குக் கிடைத்தது இரண்டரை அடிக்கு மூன்றடி. டேப் வைத்து அளந்து சொன்னவரும் அவர்தான். அதோடு விடாமல், கிழக்கே பார்த்து உட்கார வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கிழக்கே பார்த்தால் நேர் எதிரே இன்வர்ட்டர். கண்ணை மூடினாலும் அதன் பச்சை விளக்கு இமைக்குள் மினுக் மினுக் என்றது. நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டினேன். மறுநாள் அரிசி எடுக்க வந்த அத்தை, பொட்டு வைத்த இன்வர்ட்டரைச் சற்று நேரம் பார்த்தார். ஆயுத பூஜைக்கு வைத்தது என்று நினைத்திருக்கலாம். ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்து, எதன் மேல் உட்காருவது? கீதையின் ஆறாம் அத்தியாயம் இதற்கு அளவே கொடுத்திருக்கிறது. ஆசனம் ரொம்ப உயரமும் கூடாது, ரொம்பத் தாழ்வும் கூடாது. தர்ப்பை பரப்பி, அதன் மேல் மான்தோல், அதன் மேல் துணி. மான்தோலுக்கு ஆசைப்பட்டால் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். அங்கே தியானத்துக்கு நேரம் நிறையக் கிடைக்கும், அது வேறு விஷயம். கடைசியில் முசிறிக் கோரைப்பாய் ஒன்று வாங்கினேன். ஒத்திகைக்குப் பத்து நிமிஷம் சம்மணம் போட்டேன். எழுந்தபோது கணுக்காலில் பாயின் வரி முழுக்க அச்சாகியிருந்தது, நடுவிலிருந்த சிவப்புப் பட்டை உட்பட. மேலே மகனின் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டேன். கீதைக்கு ஓரளவு பக்கத்தில் வந்தாயிற்று.

நேரம் விஷயத்தில் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது. பிரம்ம முகூர்த்தம் என்றாலே மூன்றரை, நாலு என்று பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரிய உதயத்துக்கு நாலு நாழிகை முன்னால் ஆரம்பித்து இரண்டு நாழிகை முன்னால் முடிகிறது. நாழிகைக்கு 24 நிமிஷம். மார்கழித் தொடக்கத்தில் திருச்சியில் உதயம் ஏறக்குறைய 6.25. அப்படியானால் 4.50-க்குத் தொடங்கி 5.35-க்குள் எப்போது உட்கார்ந்தாலும் சரி. கணக்குப் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கு முக்கால் மணி நேரத் தூக்கம் மிச்சம்.

மார்கழி ஒன்று, அதாவது டிசம்பர் 16 என்று நாள் குறித்தேன். அத்தை காலண்டரைப் பார்த்தார். "மார்கழியில புதுசா எதையும் ஆரம்பிக்க மாட்டாங்கம்மா."

"இது கல்யாணம் காதுகுத்து இல்லையே அத்தை. ஆண்டாளே பாவை நோன்பு ஆரம்பிச்சது மார்கழியிலதானே?"

"அவ சமையல் பண்ணிட்டா போனா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நெய்யுண்ணோம், பாலுண்ணோம் என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள். இங்கே இரண்டு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். பதினாறாம் தேதி அப்படிப் போனது. சரி, 21-ஆம் தேதி ஐ.நா. சபையே 2024-இல் உலக தியான தினம் என்று அறிவித்த நாளாயிற்றே, அன்றைக்கு வைத்துக்கொள்வோம் என்றால் அன்று மோட்டார் ரிப்பேர், மெக்கானிக் வந்தார்.

நடுவில் கொசு. ரமணர் 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்த புதிதில், ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தின் அருகே உட்கார்ந்திருந்தபோது எறும்பும் பூச்சியும் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின, அவருக்கு அது தெரியவே இல்லை. அப்போது அவருக்குப் பதினாறு வயது. எனக்கு நாற்பத்தொன்பது, ஒரு கொசு காதோரம் வந்தாலே போதும், யார் வீட்டுச் சாக்கடையில் பிறந்தது என்பதுவரை யோசனை ஓடும். அதற்காக, மகன் குழந்தையாக இருந்தபோது வாங்கிய குடை மாதிரி விரியும் கொசுவலையின் பெரிய அளவு ஒன்று வாங்கி வந்தேன், ஜிப் வைத்தது. உள்ளே நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மகன், "ஸ்வீட் ஸ்டால்ல அதிரசத்தை மூடி வெச்ச மாதிரி இருக்கும்மா" என்றான்.

முறையைச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். ஜப்பானில் ஜென் மடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இப்படித்தான் ஆரம்பமாம். மூச்சுக்கு ஒன்றாக எண்ண வேண்டும். பத்து வந்ததும் மறுபடி ஒன்று. "பத்தைத் தாண்டிட்டீங்கன்னா மனசு எங்கயோ போயிடுச்சுன்னு அர்த்தம்."

இவ்வளவுதானா என்று தோன்றியது. மலைக்கோட்டைச் சாமியின் பேரையே வைத்துக்கொண்ட தாயுமானவர், இதே ஊரில் நாயக்க மன்னரிடம் உத்தியோகம் பார்த்தவர், மதயானையை நடத்தலாம், கரடி புலி வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம், ஆனால் சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது அரிது என்று பாடி வைத்திருக்கிறார். அவர் பட்டியலில் குக்கர் இல்லை.

டிசம்பர் கடைசித் திங்கட்கிழமை. 4.45-க்கு எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பால் காய்ச்சி, துவரம்பருப்பைக் குக்கரில் வைத்து அடுப்பை மூட்டினேன். "நீ போய் உட்காரும்மா, நான் அடுப்புகிட்டயே நிக்கிறேன்" என்றார் அத்தை. அன்றைக்கென்று அப்படி ஒரு கனிவு. "ஆனா எனக்குக் காதுதான் சரியா கேக்காது. மூணு விசிலு. நீ மட்டும் எண்ணிக்க."

வலைக்குள் போய் ஜிப்பை இழுத்தேன். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. கண்ணை மூடினேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது மூச்சில் சாம்பாருக்கு முருங்கைக்காயா கத்திரிக்காயா. நாலு. கத்திரிக்காய் வாடியிருக்கும். ஐந்து. அப்புறம் எங்கேயோ நிஜமாகவே ஓர் இதமான இருட்டு வந்தது. எண் தன் பாட்டுக்கு ஓடியது, பாட்டுச் சத்தம் தூரத்தில் போனது, தோள் இறங்கியது. டாக்டர் சொன்னது இதுதான் போலிருக்கிறது.

"ஏம்மா, எத்தனை ஆச்சு?"

கண்ணைத் திறக்காமல், "பதினேழு அத்தை" என்றேன்.

அடுக்களையில் ஒரு கரண்டி விழுந்தது. "ஐயையோ, பதினேழா! டேய், எந்திரிடா, குக்கர் வெடிக்கப் போகுது!" வீட்டுக்காரர் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடினார். மகன் எதிலோ இடித்துக்கொண்டான். நான் எழுந்து ஜிப்பை இழுத்தால் அது பாதியில் சிக்கிக்கொண்டது. அதிரசம் வலையோடு சேர்ந்து உருண்டதுதான் மிச்சம்.

அடுப்பை அணைத்துவிட்டு அரைமணி நேரம் யாரும் குக்கர் பக்கமே போகவில்லை. அப்புறம் வீட்டுக்காரர்தான் கையை நீட்டித் தொலைவிலிருந்தே திறந்தார். பருப்பு முழுசு முழுசாகக் கிடந்தது. வந்திருந்ததே ஒரு விசில்தான் போலிருக்கிறது.

மறுபடி அடுப்பில் ஏற்றினோம். ஒன்றிலிருந்து எண்ணினோம், நாலு பேரும் சேர்ந்து, வாய்விட்டு.