குறட்டைக்குத் தாடைக் கருவி செய்யும் முன்

குறட்டைச் சத்தம் பக்கத்து அறை வரை கேட்பதைவிட, அது நடுவில் அறுந்து போவதுதான் கவலைப்பட வேண்டியது. உரக்க வந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நிற்கும். மார்பு மட்டும் ஏறி இறங்கும், காற்று போகாது. பிறகு தண்ணீரில் முங்கி எழுந்தவர் போல ஓர் இழுப்பு, மறுபடி குறட்டை. தூங்குகிறவருக்கு இது எதுவும் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி. அதனால் முதல் வேலையாக, தூங்குகிறவரை இரண்டு மூன்று நிமிடம் செல்போனில் வீடியோ எடுக்க அவரிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் வாயால் விளக்குவதைவிட அது நன்றாகப் பேசும்.

தூக்கத்தில் தசைகள் தளரும்போது நாக்கும் மென்மையான பின் அண்ணமும் பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கின்றன. தூங்கும்போது கீழ்த்தாடையை முன்னால் பிடித்து வைத்து இந்த அடைப்பைக் குறைக்க, பல் மருத்துவர் செய்து தரும் வாய்க்கருவிதான் தாடைக் கருவி. இப்படி மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு ‘அப்னியா’ என்று எண்ணுவார்கள். முழுதாக நிற்காமல் ஓரளவு குறைவதையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை என்பதுதான் ஏ.ஹெச்.ஐ. எண். 5-க்குக் கீழ் இருந்தால் பெரியவர்களுக்குப் பிரச்சினையில்லை. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. கடுமையான நிலையில் இருப்பவர் 2 நிமிடத்துக்கு ஒரு முறையாவது மூச்சுக்குப் போராடுகிறார். காலையில் தலைவலி, இரவில் பலமுறை சிறுநீர், மாத்திரை போட்டும் இறங்காத ரத்த அழுத்தம், கடலூர் சாலையில் வண்டி ஓட்டும்போதே கண் சொக்குவது எல்லாம் இதன் விளைவாக இருக்கலாம்.

இதில் பல் மருத்துவருக்கு என்ன வேலை? வாயைத் திறந்து பார்ப்பதே அவர் தொழில் என்பதால், பல நேரம் முதலில் சந்தேகப்பட வேண்டியவர் அவர்தான். நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம், தேய்ந்து தட்டையான பற்கள், குறுகி உயர்ந்த அண்ணம், உள்வாங்கிய கீழ்த்தாடை, காலையில் வறண்ட வாய், நாக்கை நீட்டச் சொன்னாலும் உள்நாக்கு தெரியாத தொண்டை ஆகியவை அவர் குறித்துக்கொள்ளும் அடையாளங்கள். உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று நான்கு வகையாகப் பிரிக்கும் முறைக்கு மல்லம்பட்டி என்று பெயர். பிறப்பால் ஆந்திரக்காரரான மயக்க மருந்து நிபுணர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985-ல் வெளியிட்ட முறையிலிருந்து வந்தது அது.

ஆனால் அடையாளம் பார்ப்பது வேறு, நோயை உறுதி செய்வது வேறு. தூக்கப் பரிசோதனை இல்லாமல் தாடைக் கருவி செய்யக் கூடாது. இதில் நாம் விட்டுக்கொடுக்கவே கூடாது. நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்த்து, ஓர் இரவுப் பதிவு எடுத்து, ஏ.ஹெச்.ஐ. எண்ணையும் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் கையில் வைத்துக்கொண்டுதான் பல் மருத்துவரிடம் போக வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு ஜிப்மரும் அரசு பல் மருத்துவ நிறுவனமும் கோரிமேட்டிலேயே இருக்கின்றன. கடலூர் மாவட்டத்தில் அண்ணாமலை நகரில் மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் ஒரே வளாகத்தில். இரண்டு துறையும் ஒருவர் கோப்பை ஒருவர் பார்க்கும் இடம் நல்லது.

கடுமையான நிலைக்கு முதல் சிகிச்சை சிபாப் இயந்திரம்தான். மூக்கில் முகமூடி மாட்டி, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைப்பது. ஏ.ஹெச்.ஐ. எண்ணைக் குறைப்பதில் அதை மிஞ்ச வாய்க்கருவியால் முடியாது. ஆனால் பலரால் முகமூடியோடு தூங்க முடிவதில்லை. இரவு முழுக்க அணியும் சுமாரான கருவி, அலமாரியில் தூங்கும் நல்ல இயந்திரத்தைவிட மேல். கடலூர், புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கும் நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு: 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு கடலூர்ப் பக்கம் எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்பது யாருக்கும் மறந்திருக்காது. சிபாப் வைத்திருப்பவர் பேட்டரிக்கு வழி செய்துகொள்ள வேண்டும். தாடைக் கருவிக்கு மின்சாரமே வேண்டாம்.

கருவி செய்யும் முன் வாய் தயாராக வேண்டும். மேல் தாடையிலும் கீழ்த்தாடையிலும் ஆடாத பற்கள் பொதுவாகத் தலா எட்டு வேண்டும். ஈறு நோய், சொத்தை, கேப் வேலை எல்லாவற்றையும் முதலில் முடியுங்கள். பிறகு ஒரு கேப் மாற்றினால்கூட கருவி உட்காராது. முழு பல்செட் போட்டவர்களுக்கும், தாடை மூட்டில் தீராத வலி உள்ளவர்களுக்கும் இது பெரும்பாலும் ஒத்துவராது.

அடுத்து அளவு. கீழ்த்தாடையை முழுக்கப் பின்னால் இழுத்து, பிறகு முடிந்தவரை முன்னால் தள்ளச் சொல்லி, இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள். 10 மி.மீ. வந்தால், தொடக்கம் 5 அல்லது 6 மி.மீ. முன்னால். பிறகு வாரத்துக்குக் கால் முதல் அரை மி.மீ. வரை திருகைத் திருப்பி முன்னே நகர்த்துவது. அவசரப்பட்டு ஒரேயடியாக 3 மி.மீ. தள்ளினால் மூட்டு வலித்து, பத்தாம் நாள் கருவி டப்பாவுக்குள் போய்விடும். கைவிடப்படும் கருவிகளின் கதை பெரும்பாலும் இதுதான். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிய வைக்கும் ஆன்லைன் கருவிகளில் இந்த நுணுக்கமான நகர்த்தல் பெரும்பாலும் இல்லை, பிடிப்பும் போதாது. அதற்குப் பணம் போடாதீர்கள்.

முதல் வாரங்களில் எச்சில் நிறைய ஊறும், காலையில் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று படாதது போலிருக்கும். கருவியைக் கழற்றியதும் மருத்துவர் தரும் சிறு கடிப்பானைக் கொஞ்ச நேரம் கடித்தால் தாடை பழைய இடத்துக்கு வரும். சோம்பலில் இதை விட்டால், ஆண்டுகள் போகப் போக மேல் முன்பற்கள் உள்ளேயும் கீழ் முன்பற்கள் வெளியேயும் சாய்ந்து கடி நிரந்தரமாக மாறலாம். அதனால்தான் தொடங்கும் முன்பே பல் அச்சும் படமும் எடுத்து வைக்கச் சொல்வது.

கருவியைக் கழுவக் குளிர்ந்த நீர், மெல்லிய பிரஷ், கொஞ்சம் சோப்பு. பேஸ்ட் வேண்டாம், கீறல் விழும். வெந்நீர் கூடாது. சித்திரை வெயிலில் பூட்டிய காரிலோ வண்டிப் பெட்டியிலோ வைத்தால் வளைந்துவிடும்.

குழந்தை குறட்டை விட்டால் இந்தக் கருவி தீர்வல்ல. டான்சில், அடினாய்டு சதையைப் பார்க்கக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். அண்ணம் குறுகியிருந்தால் அதை விரிக்கும் பல் சீரமைப்பு நிபுணர் அடுத்து.

கடைசியாக, பலரும் தவறவிடும் படி. கருவி போட்டு குறட்டை நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். சத்தம் இல்லாமலும் மூச்சு நிற்கும். தாடை நகர்த்தும் வேலை முடிந்தபின், கருவியை வாயில் மாட்டிக்கொண்டே இன்னொரு இரவுப் பரிசோதனை எடுத்து, பழைய ஏ.ஹெச்.ஐ. எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் போதுமான அளவு இறங்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் நகர்த்த இடமிருக்கிறதா என்று பல் மருத்துவர் பார்ப்பார். இடமில்லையென்றால் சிபாப் பக்கம் திரும்ப வேண்டும்.