38 வருசம் பிந்தின பாராட்டு

"அந்தப் பாட்டை இன்னொருக்காப் போடு பிள்ளை."

விசுவமடுவில எங்கட வீட்டுச் சுவர் பூச வந்த மேசன் அண்ணை கேட்டார். கையில சாந்தகப்பை அப்பிடியே நிண்டது. நுனியால சீமெந்து அவரின்ர காலில சொட்டினது கூடத் தெரியேல்லை.

பாடினது ரொட்ரிகஸ். டெட்ராய்ட்காரர். 1970இல வந்த 'கோல்ட் ஃபாக்ட்' அவரின்ர முதல் தொகுப்பு. நகரத்து ஏழையளின்ர கஷ்டத்தை ஒளிவுமறைவில்லாமல் பாடினவர். அமெரிக்காவில வாங்க ஆளில்லை. பிறகு வீடு இடிக்கிற, திருத்துற கூலி வேலைக்குப் போனார்.

தென்னாபிரிக்காவில நிறவெறி ஆட்சிக்காலத்துப் பெடியள் அந்தத் தொகுப்பைக் கசெற்றில பதிஞ்சு பதிஞ்சு கேட்டவை. 1998இல அங்க போனவருக்கு அரங்கம் நிறையச் சனம்.

2008இல மறுபடி வெளியிட்ட பிறகுதான் அமெரிக்க விமர்சகர்மார் கொண்டாடினவை. அதே பாட்டு, அதே குரல். எனக்கு இப்பவும் ஆறேல்லை.

கதையைச் சொல்லி முடிக்க அண்ணை கன நேரம் பேசேல்லை.

"நாங்களும் சண்டைக் காலத்தில கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோ சுத்தித்தானே பாட்டுக் கேட்டனாங்கள்," எண்டார்.

பிறகு மெதுவா: "நானும் கொஞ்சம் எழுதி வச்சிருக்கிறன், பிள்ளை. ஒருத்தருக்கும் காட்டினதில்லை."

நாளைக்குக் கொப்பியைக் கொண்டு வாறாராம். நான் வேலைக்கு லீவு சொல்லிப்போட்டன்.