கால் மில்லி பித்தளை

ஜனவரி 4, 2025, சனி

காலை ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் வரும். கோவை கணபதியில் எங்கள் தெரு முழுக்க லேத் பட்டறைதான். இப்படி அமைதியாக இருந்தால் காக்கா கத்துவதுகூடக் கேட்கிறது.

பம்பு செட் ஆர்டருக்கு 400 பித்தளை புஷ், அதாவது தண்டு சுற்றுகிற குழாய்த் துண்டு, கொடுக்கணும். நீளம் 44.50 மில்லி, கூடக் குறைய 0.05 வரை விடலாம். நேற்று பையன் நுனி முகத்தைச் சீவி நீளம் எடுத்த நாற்பதில் ஒன்பது ரிஜெக்ட். "டூல் தேஞ்சு போச்சுங்கண்ணா" என்றான். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். டூல் புத்தம்புதுசு மாதிரி இருந்தது.

அந்தக் கடுப்பில் இருக்கும்போது அக்கா மகன் டெக்சாஸிலிருந்து கூப்பிட்டான். அவனுக்கு அங்கே ராத்திரி. மான் வேட்டைக்கு ஒரு ரைபிள் வைத்திருக்கிறான், பாயிண்ட் 308 வின்செஸ்டர். சுட்டபிறகு மிஞ்சுகிற பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, அடியில் நெருப்பு மூட்டுகிற பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, டை என்கிற அச்சில் அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், மருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குகிறான். அங்கே வீட்டு ஷெட்டில் இதைச் செய்வது சாதாரணமாம்.

"ஏனுங் மாமா, பத்து கூடு வெட்டினா பத்து நீளம் வருதுங்க. உங்க தொழில்தானே இது?"

பித்தளையை நீளத்துக்கு வெட்டுவது என் தொழில்தான். எனக்கே நேற்று ஒன்பது ரிஜெக்ட் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

ஜனவரி 6, திங்கள்

அளவுகளை அனுப்பினான். அந்தக் கூட்டின் நீளம் அதிகபட்சம் 51.18 மில்லிமீட்டர் இருக்கலாம். வெட்டி நிறுத்தும் அளவு 50.93. நடுவே கால் மில்லிதான். அதற்குள் எத்தனை முறை சுட முடியுமோ சுட்டுக்கொள்ளலாம், தாண்டினால் வெட்டணும்.

தாண்டினால் என்ன என்று கேட்டேன். துப்பாக்கி அறையின் முன்பக்கம் கூட்டின் வாய்க்கென்று வெட்டிய இடம் ஓரளவுதான் இருக்கும். கூடு நீண்டிருந்தால் வாய் அங்கே போய் முட்டி, குண்டைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். சுடும்போது குண்டை விட வாய் விரிய இடமிருக்காது, உள்ளே அழுத்தம் எகிறும். நம் புஷ் அரை மில்லி நீண்டால் பம்பு சுற்றாது, திருப்பி அனுப்புவார்கள். அவனுடையது நீண்டால் முகத்துக்கு நேரே வெடிக்கிற சமாச்சாரம்.

"எப்ப வெட்டறே? டையில அழுத்தறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிங்க மாமா. அளந்து வெட்டிட்டு அப்புறம் அழுத்தறேன்."

அங்கேதான் பாதிக் கோளாறு. சுடும்போது கூடு ஊதிக்கொள்கிறது. டை அதைச் சுற்றிலும் அமுக்கும்போது பித்தளை எங்கே போகும்? சந்தகை மரத்தில் மாவை அமுக்கினால் ஓட்டை இருக்கிற பக்கம்தான் வரும். இதில் திறந்திருப்பது வாய். அப்புறம் டையின் நடுத்தண்டில் இருக்கிற உருண்டை கழுத்துக்குள் போய் வெளியே வரும்போது கழுத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வருகிறது. கூட்டுக்குக் கூடு நீள்வது வேறுபடும். முதலில் அழுத்து, துடை, அப்புறம் அளந்து வெட்டு என்றேன்.

ஜனவரி 8, புதன்

மாற்றிச் செய்து பார்த்திருக்கிறான். வித்தியாசம் குறைந்தது, ஆனால் போகவில்லை. பத்தில் பெரியதற்கும் சிறியதற்கும் இன்னும் 0.10.

வீடியோ போடச் சொன்னேன். குட்டி லேத் மாதிரியே இருக்கிறது அந்த வெட்டுகிற கருவி. ஒரு பக்கம் காலெட், முறுக்கினால் சுற்றிலும் இறுகுகிற பிடி, கூட்டின் அடியைப் பிடிக்கிறது. மறுபக்கம் கையால் சுற்றுகிற கட்டர், அதன் நுனியில் கழுத்துக்குள் போகிற பைலட். காலெட்டை அவன் முறுக்குவதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஒரு கூட்டுக்கு முழுத் திருகு, இன்னொன்றுக்கு முக்கால். முறுக்க முறுக்க காலெட் கூட்டைத் தன்னோடு பின்னுக்கு இழுக்கிறது. அடி விளிம்பின் தடிமன் கூட்டுக்குக் கூடு கொஞ்சம் மாறும் வேறு. இழுக்கிற அளவு மாறினால் நீளமும் மாறத்தான் செய்யும்.

போனை வைத்துவிட்டு நேராக எங்கள் மிஷினுக்குப் போனேன். பையன் புஷ்ஷை முன்னாலிருக்கும் ஸ்டாப்பில் முட்டவைத்துவிட்டு, அப்புறம் காலெட்டை இறுக்குகிறான். இறுக்கும்போது ஜாப், அதாவது கடைகிற துண்டு, உள்ளே போகிறது! இரண்டு நாளாக நான் நின்று பார்த்த இடம் அது. ஸ்பிண்டிலுக்குள் பின்பக்கம் ஒரு ஸ்டாப் போட்டு, ஜாப்பின் முதுகு அதில் உட்காரும்படி செய்தேன். முப்பது ஓட்டினோம், ஒன்றும் போகவில்லை. பையன் ஒன்றும் பேசவில்லை. நானும்தான்.

மாப்பிள்ளைக்குச் சொன்னது: காலெட்டைப் பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணு, உள்ளே ஒரு பிசிறு கிடந்தாலும் கூடு சாயும். கூட்டின் அடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கு.

ஜனவரி 11, சனி

எனக்குக் கை அரித்தது. அவன் கருவிக்கு நல்ல பின் ஸ்டாப் ஒன்று, கூடவே பைலட்டும் கடைந்து, மார்ச்சில் அக்கா போகும்போது கொடுத்தனுப்பலாம் என்று ஸ்டீல் ராடை அறுத்து மாட்டியும்விட்டேன். அவனோ வரும்போது பத்து வெறும் கூட்டை எனக்குக் காட்ட எடுத்து வருகிறேன் என்றான்.

டீக்கடையில் பேச்சுவாக்கில் சொன்னபோது பக்கத்துத் தெரு வக்கீல் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினார். 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்றால் தோட்டா மட்டும் இல்லையாம். அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கிற கருவிகளும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். லைசென்ஸ் இல்லாமல் தயாரிக்கக் கூடாது. ஏர்போர்ட் ஸ்கேனரில் பைக்குள் ஒரு கூடு தெரிந்தால் போதும், ஊருக்கு வந்த சந்தோஷம் போலீஸ் ஸ்டேஷனில் முடியும்.

உடனே மெசேஜ் போட்டேன்: "ஒண்ணும் கொண்டாராதே. பாக்கெட், பை எல்லாம் ரெண்டு தடவை உதறிப் பார்த்துட்டுக் கிளம்பு." மாட்டிய ராடைக் கழற்றி மூலையில் போட்டாயிற்று. வாயால் சொல்வதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 13, திங்கள்

காப்புக் கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டு வாசலிலும் பட்டறைக் கதவிலும் செருகினேன். மிஷினுக்கும் ஒரு கொத்து.

ராத்திரி படுத்தபிறகு ஒன்று உறுத்தியது. நாம் புஷ்ஷில் சீவித் தள்ளுவது ராடில் கூடுதலாக இருந்த பித்தளை. அவன் கூட்டில் கூடுதல் எங்கிருந்து வந்தது? யாரும் புதிதாக ஊற்றவில்லையே. வாயில் வெட்டி எறிவதில் பெரும்பங்கு உடம்பிலிருந்து நகர்ந்து வந்ததாகத்தான் இருக்கணும். அப்படியானால் எங்கேயோ சுவர் மெலிந்துகொண்டிருக்கிறது.

எழுந்து கூப்பிட்டேன். எத்தனை முறை சுட்ட கூடு? ஆறு முறை. அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே சுற்றிலும் மினுங்குகிற கோடு தெரிகிறதா பார் என்றேன். தேடிவிட்டு, இரண்டில் இருக்கிறது என்றான். மெல்லிய கம்பியின் நுனியை வளைத்து, உள்ளே விட்டுச் சுவரை வருடச் சொன்னேன். ஒன்றில் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதாம்.

அதுதான். இன்னும் ஓரிரு முறை சுட்டிருந்தால் கூடு அந்த இடத்தில் இரண்டாக அறுந்திருக்கும். டையை ரொம்ப இறக்கி வைத்து, கூட்டின் தோளை, கழுத்துக்குக் கீழே சரிகிற இடத்தை, அதிகம் பின்னுக்குத் தள்ளுகிறான். அடுத்த முறை சுடும்போது கூடு அந்த இடைவெளியை நிரப்ப நீள்கிறது, அடியருகே இழுபடுகிறது. தோள் 0.05 பின்னால் போனால் போதும். இரண்டையும் குறடால் நசுக்கிக் குப்பையில் போடச் சொன்னேன். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று இழுத்தான். நசுக்கிப் போட்டோ அனுப்பிய பிறகுதான் படுத்தேன்.

ஜனவரி 16, வியாழன்

பூ நோம்பி. வீட்டில் பொண்டு பிள்ளைகள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டார்கள், பட்டறை லீவு.

புதிதாக வெட்டிய பத்தின் அளவு வந்தது. எல்லாம் 50.91-இலிருந்து 50.94-க்குள். வாயை நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பியிருந்தான். வெட்டிய விளிம்பில் பிசிறு முள்ளாக நிற்கிறது. அப்படியே விட்டால் குண்டை உட்காரவைக்கும்போது சுரண்டும். உள்ளேயும் வெளியேயும் லேசாகச் சாய்வு எடு, கத்தி மாதிரி கூராக்கிவிடாதே, விளிம்பில் சதை வேண்டும் என்றேன்.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது கீழே கிடந்த சீவல். எங்கள் ராடில் ஈயம் கலந்திருக்கும், வெட்டினால் ரவை மாதிரி உதிரும். அவன் கூடு செம்பு எழுபது, துத்தநாகம் முப்பது, ஈயம் சேர்க்காதது. சுருண்டு சுருண்டு தங்கக் கம்பி மாதிரி கிடக்கிறது. அதைக் கடைந்து பார்க்க ஆசைதான்.

ஜனவரி 20, திங்கள்

400 புஷ் போய்ச் சேர்ந்தது. ரிஜெக்ட் மொத்தம் பதினொன்று, அதில் ஒன்பது அந்த வெள்ளிக்கிழமையுடையது. மிஷினுக்கடியில் கூட்டி அள்ளிய பித்தளை ரவையைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். பழைய இரும்புக்காரர் நாளைக்கு வருகிறேன் என்றார். மூலையில் கிடக்கிற ஸ்டீல் ராடையும் போடலாமா என்று பையன் கேட்டான். வேண்டாம், வேறு எதற்காவது ஆகும்.