லான் பவுல்ஸ் திடல்: 8 நொடியிலிருந்து 12 நொடிக்கு

புல்தரையில் பந்தை உருட்டி, இலக்குப் பந்துக்கு அருகே நிறுத்தும் ஆட்டம் லான் பவுல்ஸ். அதற்குப் புதிதாக வருபவர்களைக் குழப்பும் கணக்கு ஒன்று உண்டு: நொடி கூடினால் திடல் வேகமானது. பந்து கையை விட்டது முதல் 27 மீட்டர் போய் நிற்கும்வரை ஆகும் நேரம்தான் திடலின் வேகம். உரசல் அதிகமுள்ள புல்லில் ஓங்கி உருட்ட வேண்டும். பந்து பாய்ந்து போய்ச் சட்டென்று நின்றுவிடும். உரசல் குறைந்தால் மெல்ல விட்டாலே போதும், ஊர்ந்து போய்ச் சேரும். 8 நொடித் திடலில் பந்து நொடிக்குச் சுமார் 6.75 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். 12 நொடித் திடலில் 4.5 போதும். பந்து நேராக ஓடாமல் ஒருபக்கம் வளைந்து ஓடும்படி செய்யப்பட்டது; ஓடும் நேரம் நீள்வதால் அந்த வளைவும் கூடும். ஆட்டத்தின் நுணுக்கமெல்லாம் அந்த வளைவில்தான்.

குளிர்காலம் முடிந்ததும் இங்கிலாந்துத் திடல்கள் பலவும் 8, 9 நொடியில் கிடக்கும். அங்கிருந்து 12க்குக் கொண்டுவரும் பருவக் குறிப்பு இது.

மார்ச்: வெட்டுவதற்கு முன் அளவு. ஜாக்கை (இலக்காக வைக்கும் சிறு பந்து) 27 மீட்டரில் வைத்து, அதன் பக்கத்தில் நின்ற பந்துகளின் நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். போகும் திசை, வரும் திசை, இடப்பக்க வளைவு, வலப்பக்க வளைவு நான்கிலும் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் நேரம் கூடினால் காற்று அல்லது சரிவு. புல்லைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்து, கத்தியால் ஒரு துண்டு மண்ணை வெட்டியெடுத்துப் பார்ப்பது. புல்லடியில் மட்காத நார் 12 மி.மீ.க்கு மேல் இருந்தால் திடல் பஞ்சு மாதிரி அமுங்கும், தண்ணீரையும் பிடித்து வைக்கும். எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் வேகம் வராது.

ஏப்ரல்: முதல் வெட்டு 8 மி.மீ. பிறகு ஒவ்வொரு மில்லிமீட்டராக 5க்கு இறக்கம். அவசரப்பட்டு ஒரேயடியாக இறக்கினால் புல் வெளுத்து, அந்த இடைவெளியில் ஆண்டுப்புல் என்ற களை புகுந்துவிடும். அதற்கு வேர் ஆழமில்லை. மே மாதம் கதிர் விட்டால் பந்து தத்தும்.

இந்த ஒட்ட வெட்டே பழங்காலத்தில் கிடையாது. சவுத்தாம்ப்டன் பழைய பவுலிங் கிரீன் என்ற திடல் தன் தொடக்கத்தை 1299 என்கிறது. அங்கே 1776இல் தொடங்கிய 'நைட்ஹுட்' போட்டி இன்னமும் நடக்கிறது: ஜாக்கை ஒரு பென்னி நாணயத்தின் மேல் வைப்பார்கள், ஆளுக்கு இரண்டு பந்து, முதலில் 7 புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. வென்றவர் 'சர்' ஆகி நடுவர் வரிசையில் சேர்வார். மறுபடி அந்தப் போட்டியில் ஆட முடியாது. எட்வின் பட்டிங் 1830இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெறும்வரை அரிவாளும் ஆடுகளும்தான் திடலைப் பார்த்துக்கொண்டன. கிளாஸ்கோவில் டபிள்யூ. டபிள்யூ. மிட்செல் 1849 வாக்கில் விதிகளைத் தொகுத்தார். எல்லாத் திடலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடினால்தான் பொது விதிக்கு அர்த்தம் உண்டு. இயந்திரம் முன்னால், விதி பின்னால் வந்ததில் வியப்பில்லை. 1903இல் இங்கிலாந்து பவுலிங் சங்கம் அமைந்தபோது முதல் தலைவர் கிரிக்கெட்டின் டபிள்யூ. ஜி. கிரேஸ்.

மே, ஜூன்: இரு வாரத்துக்கு ஒருமுறை, படுத்த புல்லை நிமிர்த்தும் மேலோட்டமான செங்குத்து வெட்டு. காலையில் பனியைத் தட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். தண்ணீர் அடிக்கடி கொஞ்சமாக வேண்டாம், எப்போதாவது, ஆழமாக. உருளை போட்டால் நொடி உடனே ஏறும், ஆனால் மண் இறுகி வேர் மூச்சுமுட்டும். அடிக்கடி கைவைக்கக் கூடாத வழி. தழைச்சத்தும் அப்படித்தான்: பச்சை கண்ணைப் பறிக்கும், நாரும் பூஞ்சையும் பின்னாலேயே வரும்.

தேய்மானம், ஆடுபவர் நின்று பந்து விடும் பாய் விரிக்கும் இடங்களில் குவியும். அதனால் ரிங்குகளை (திடலில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிரித்த நீளப் பட்டைகள்) பக்கவாட்டில் நகர்த்த வேண்டும், ஆடும் திசையையும் மாற்ற வேண்டும். திடல் சதுரமாக இருந்தால் இது சுலபம். விதிப்படி ஆடும் திசையில் நீளம் 31 முதல் 40 மீட்டர்.

நார் மிகுந்த திடல் இத்தனைக்கும் பிறகு 10இல் நின்றுவிடும். மீதி 2 நொடி செப்டம்பரில்தான் கிடைக்கும்: ஆட்டம் முடிந்த கையோடு நாரைச் சீவியெடுத்து, மண்ணைக் குழலாக எடுக்கும் உள்ளீடற்ற முட்களால் துளையிட்டு, எடுத்த மண்ணை அள்ளிவிட்டு, விதை தூவி, திடலுக்கு 3 முதல் 5 டன் மணல் கலந்த மண்ணைப் பரப்பி, அகலப் பலகையால் இழுத்துத் துளைகளுக்குள் இறக்க வேண்டும். மண் காய்ந்திருக்க வேண்டும்; ஈரமாக இருந்தால் மேலேயே அப்பி, அடியிலுள்ள புல்லை மூடிவிடும்.