கை ஆடினால் ஆடட்டும், ட்ரிக்கரைப் பாருங்கள்

ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தில் சுடும் கைத்துப்பாக்கி) பழக மதுரையில் எங்கள் ரேஞ்சுக்கு வருகிற பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணே, கை ஆடுதே, என்ன பண்றது?" ஒன்றும் பண்ண வேண்டாம். ஒலிம்பிக்கில் சுடுகிறவர்களுக்கும் ஆடத்தான் செய்யும், அளவுதான் குறைவு. ஆட்டத்தைப் பார்த்துப் பதறி, குறி அட்டையின் கறுப்பு வட்டம் சரியாக வந்த நொடியில் 'இப்போ!' என்று வெடுக்கென்று ட்ரிக்கரை இழுக்கிறோமே, அதுதான் கெடுக்கிறது. வலக்கைக்காரர் என்றால் பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) பெரும்பாலும் இடது கீழே, கடிகாரத்தில் ஏழரை மணிப் பக்கம் போய் விழும் (பேரே சரியில்லை).

கணக்குப் போட்டால் புரியும். பிஸ்டலின் மேலே குறி பார்க்க இருக்கிற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே சுமார் 32 செ.மீ., குறி இருப்பது 10 மீட்டரில். கை மொத்தமாக 1 மி.மீ. நகர்ந்தால் குறியிலும் அதே 1 மி.மீ.தான். ஆனால் மணிக்கட்டு லேசாக மடங்கி, முன் சைட் பின் சைட் பள்ளத்தின் நடுவை விட்டு 1 மி.மீ. விலகினால் குறியில் அது 31 மி.மீ. ஆகிவிடும், நடுவில் பத்துப் புள்ளி வளையத்தில் விழ வேண்டியது ஏழில் விழும். பாரிஸ் 2024-ல் மனு பாக்கருக்கு வெள்ளி கைநழுவிப் போனது வெறும் 0.1 புள்ளியில். அதனால் கண் முன் சைட்டிலேயே இருக்கட்டும், கறுப்பு மங்கலாகத் தெரிந்தால் போதும். நான் கறுப்பின் நடுவைக் குறி பார்ப்பதே இல்லை, அதற்குக் கீழே வெள்ளையில்தான் நிற்பேன், சைட்டையும் அதற்கேற்ப வைத்திருக்கிறேன்.

ட்ரிக்கர் எடை, அதாவது அதை இழுக்கத் தேவைப்படும் அழுத்தம், விதிப்படி குறைந்தது 500 கிராம். கையை மேலிருந்து இறக்கும்போதே ட்ரிக்கர் லேசாக நகர்ந்து தட்டி நிற்கிற முதல் கட்டத்தை எடுத்துவிடுங்கள், மிச்சத்தை விரலின் முதல் கணுப் பகுதியால் நேர் பின்னால், நிறுத்தாமல் அழுத்திக்கொண்டே போக வேண்டும். எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியாவிட்டால் சரியாகச் செய்கிறீர்கள். வெடித்த பிறகும் ஓரிரு நொடி அப்படியே நில்லுங்கள், பெல்லட் எங்கே போனது என்று எட்டிப் பார்க்கிற ஆசை இருக்கிறதே, அது வெடிப்பதற்கு முன்பே தலையைத் தூக்க வைக்கும்.

எட்டுப் பத்து நொடியில் வெடிக்கவில்லையா, பிஸ்டலை இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் பிடி வேர்த்து வழுக்கும், துண்டால் துடைத்துக்கொள்ளவும் நேரம் கிடைக்கும். போட்டியில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேலேயே வருகிறது, அப்புறம் என்ன அவசரம்?

தமுக்கம் பொருட்காட்சியில் பலூன் சுட்ட அனுபவத்தை இங்கே கொண்டுவராதீர்கள், அங்கே பலூன் பெரிசு.

பழக பெல்லட்டே வேண்டாம். பிஸ்டல் காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, ட்ரை ஃபயர் (சுடாமல் ட்ரிக்கரை மட்டும் இழுத்துப் பழகுகிற) வசதியைப் போட்டுக்கொண்டு வெறும் சுவரைப் பார்த்து நில்லுங்கள். சுவரில் குறி எதுவும் ஒட்ட வேண்டாம். பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால், 'டக்'கென்று ட்ரிக்கர் விழும்போது முன் சைட் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பது அப்படியே தெரிந்துவிடும்.