அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

வாங்கப்போகும் வீட்டைச் சோதித்துச் சொல்ல என்னை அழைப்பவர்களில் பெரும்பாலோர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் அழைக்கிறார்கள். "எல்லாம் பேசி முடித்துவிட்டோம் சார், நீங்கள் சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிட்டால் போதும்" என்பார்கள். பேசி முடித்த பிறகு பார்வைக்கு என்ன வேலை? விற்பவர் கைக்குப் பணம் போய்விட்டால், சுவரில் நான் எதைக் கண்டுபிடித்தாலும் அது வாங்குபவரின் தூக்கத்தைக் கெடுக்குமே தவிர, விலையில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது.

நான் சிவில் என்ஜினீயர். பல ஆண்டுகள் கட்டுமான இடங்களில் வெயிலில் நின்றுவிட்டு, இப்போது சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு வாங்கப்போகிறவர்களுக்காக வீட்டைச் சோதித்து அறிக்கை எழுதித் தருகிறேன். அமெரிக்காவில் இது தனித் தொழில். வாங்குபவர் ஒப்பந்தத்திலேயே ஆய்வு நிபந்தனையைச் சேர்ப்பது அங்கே வழக்கம். பல மாநிலங்களில் ஆய்வாளருக்கு உரிமமும் வேண்டும். இங்கே இந்த வேலைக்கென்று உரிமம் ஏதும் கிடையாது. ஈரம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் கிளம்பலாம். ஆகவே ஆளை எடைபோடும் வேலையும் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. பழுதுபார்க்கும் ஒப்பந்தத்தையும் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்கிற ஆய்வாளரை வாசலோடு அனுப்பிவிடுங்கள் என்பது என் கட்சி. வேலை பிடிக்க வந்தவர் கண்ணுக்கு எல்லாச் சுவரும் இடிக்க வேண்டிய சுவராகத்தான் தெரியும்.

பத்திரத்தைத் துருவுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழ், தாய்ப் பத்திரம், பட்டா, அனுமதி வரைபடம், அடுக்ககமென்றால் நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பாகம் எத்தனை சதுர அடி என்பதுவரை வழக்கறிஞரை வைத்துப் பார்க்கிறார்கள். அதன் பிறகு வாஸ்துக்காரர் வருகிறார். ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், சம்ப் எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று பார்த்துத் திருப்தியடைகிறார். அந்தச் சம்ப் கசிகிறதா என்று அவரும் பார்ப்பதில்லை, வாங்குபவரும் பார்ப்பதில்லை. மாலையில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்துவிட்டு, யாரும் மோட்டார் போடாமல் மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம் அது.

"வங்கியிலிருந்தே ஒருவர் வந்து பார்த்துவிட்டார், அதன் பிறகுதான் கடன் கொடுத்தார்கள்" என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். வந்தவர் மதிப்பீட்டாளர். அவர் வங்கியின் ஆள். கடன் திரும்பி வராவிட்டால் இந்தச் சொத்தை என்ன விலைக்கு விற்கலாம் என்பதே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. நிலத்தின் விலை, கட்டடத்தின் வயது, பரப்பளவு, வரைபடத்தை மீறிக் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நான்கு புகைப்படங்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மதிப்பில் பெரும்பகுதி நிலத்திலேயே அடங்கிவிடும் ஊரில், குளியலறை ஒழுகுவதால் வங்கிக்கு ஒரு நட்டமும் இல்லை. அங்கே குளிக்கப்போவது வங்கி அல்லவே.

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் மொட்டை மாடியிலிருந்துதான் தொடங்குகிறேன். கீழே கூடத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டால் வீட்டுக்காரர்மீது நல்லெண்ணம் வந்துவிடும். அது வருவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். சென்னையின் பழைய மாடிகளில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதற்கு மேல் தட்டோடு எனும் தட்டையான சுட்ட ஓட்டைப் பதித்திருப்பார்கள். சரியாகச் செய்திருந்தால் அது வெயிலையும் தாங்கும், மழையையும் வடிகுழாய்க்கு ஓட்டிவிடும். தட்டோட்டின் இடுக்குகளில் சாந்து போய்ப் புல் முளைத்திருந்தாலோ, கைப்பிடிச் சுவரின் அடியில் அரசங்கன்று வேர்விட்டிருந்தாலோ, கீழே எந்த அறையின் எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே குறித்துக்கொள்வேன். பிறகு ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுவேன். சில மாடிகளில் அது வடிகுழாயைத் தவிர மற்ற எல்லா இடங்களுக்கும் போகும்.

குளியலறைகளிலும் வாளிதான் என் முதல் கருவி. பழைய அடுக்ககங்களில் குளியலறைத் தளத்தை ஓர் அடி பள்ளமாக வார்த்து, குழாய்களை அதற்குள் பதித்து, செங்கல் துண்டுகளைப் போட்டு நிரப்பியிருப்பார்கள். நீர்த்தடுப்புப் பூச்சு விட்டுப்போனால் அந்தப் பள்ளம் முழுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும். கசிவு தெரிவது கீழ்வீட்டின் கூரையில். ஆகவே வாங்கப்போகும் வீட்டின் குளியலறையைப் பார்க்க வேண்டுமானால் கீழ்வீட்டுக்காரரின் கதவைத் தட்ட வேண்டும். வாங்குபவர்கள் இதற்குக் கூச்சப்படுகிறார்கள். நான் தட்டிவிடுவேன். கீழ்வீட்டு அம்மா பெரும்பாலும் கதவைத் திறக்கும்போதே பேசத் தொடங்கிவிடுவார்.

கடற்கரையை ஒட்டிய பகுதிகளில், பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரைப் பக்கங்களில், தண்ணீரோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. துருப்பிடித்த கம்பி பழைய கம்பியைவிட இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும். இதைத் தடுக்கத்தான் கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையில் இத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 சொல்கிறது: சாதாரணச் சூழலில் 20, கடுமையான சூழலில் 45. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் எனும் சின்னக் கட்டையை வைக்க வேண்டும். அதற்குப் பதில் கையில் கிடைத்த ஜல்லிக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, கான்கிரீட் கொட்டும் அவசரத்தில் அதுவும் நழுவிப்போன இடங்களை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். கலக்கிய தண்ணீர் வேறு இருக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு உள்ள தண்ணீர் கூடாது என்பது விதி. இருபது ஆண்டு கழித்து எந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கலந்தார்கள் என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். சன்ஷேடு சொல்லிவிடும். அடிப்புறத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டினால், நல்ல கான்கிரீட் கணீரென்று பேசும். உள்ளே பிரிந்துபோனது பொத்தென்று ஒலிக்கும்.

அடுக்ககம் வாங்குபவர்கள் வீட்டுக்குள் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது எனக்குப் புரியாத ஒன்று. மூன்றாம் மாடி வீட்டைத் தாங்கிக்கொண்டிருப்பவை கீழே கார் நிறுத்துமிடத்துத் தூண்கள். ஒரு முறை கடற்கரைப் பகுதியில் அப்படியொரு வீடு. உள்ளே புத்தம் புதிய மாடுலர் கிச்சன், தரையில் இத்தாலிய மார்பிள். கீழே தூண்களின் அடியில் பழுப்பு நிறக் கோடுகள்; இரண்டு தூண்களில் மட்டும் புதிதாகச் சிமெண்டு பூசி மெழுகியிருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டை வாங்கிப் பார்க்கச் சொன்னேன். தூண்களைச் சரிசெய்ய வேண்டும் என்று பேசியிருக்கிறார்கள், பணம் யார் போடுவது என்பதில் சண்டை, அதோடு நிற்கிறது. வாங்குபவர் வீட்டோடு அந்தச் சண்டையில் ஒரு பங்கையும் சேர்த்து வாங்கவிருந்தார். அவர் பின்வாங்கவில்லை. தன் பங்குக்கு வரக்கூடிய செலவைக் கணக்கிட்டுச் சொல்லும்படி என்னிடம் கேட்டு, அதை விலையில் குறைத்துப் பேசி வாங்கினார். அவருக்கு அட்வான்ஸ் இன்னும் கையில் இருந்தது.

தனி வீடுகளில் வேறு கதை. முதலில் தெருவைப் பார்ப்பேன். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில், வாசலிலிருந்து வீட்டுக்குள் படி இறங்கிப் போகும்படி ஆகிவிட்ட வீடுகள் சென்னையில் ஏராளம். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையும் அங்கே எதுவரை வந்தன என்பதை விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார். சுவரிலும் தெரியாது, பட்டி பார்த்து வர்ணம் அடித்திருப்பார்கள். மின்மீட்டர் பெட்டியின் உட்புறத்தில், சுவர் அலமாரியின் பின்பலகையில், கதவு நிலையின் அடியில் தெரியும். சுவிட்சுப் பலகைகளும் பிளக்குகளும் எல்லாமே நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருந்தால், ஏற்றியவருக்கு ஏதோ அனுபவம் இருந்திருக்கிறது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டில் எல்லாம் சுத்தமாக இருந்தது. பின்பக்க அறையில் மட்டும் வர்ணம் மற்ற அறைகளைவிடப் பளிச்சென்று இருந்தது. கருவியை வைத்தால் ஈரம் காட்டவில்லை. கோடைக்காலம், எப்படிக் காட்டும்? திண்ணையில் விற்பவரின் தாயார் உட்கார்ந்திருந்தார். "இந்த அறையில் காற்று நன்றாக வருமா பாட்டி?" என்று பேச்சுக்கொடுத்தேன். "காற்றுக்கு என்ன குறைச்சல் தம்பி, மழைக்காலத்தில்தான் அங்கே படுக்க மாட்டோம், பாயெல்லாம் நனைந்துவிடும்" என்றார். மகன் வேறு பக்கம் பார்த்தார். என் அனுபவத்தில் பாட்டிகள், குழந்தைகள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் ஆகியோருக்கு நிகரான கருவி இன்னும் சந்தைக்கு வரவில்லை.

கருவிகள்மீது இளைஞர்களுக்கு அபார நம்பிக்கை. கான்கிரீட்டின் வலிமையை அளக்கும் ரீபவுண்டு சுத்தியலை எடுத்தால் உடனே கைபேசியில் படம்பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அது காட்டும் வலிமை 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதற்கான இந்திய விதியே ஒப்புக்கொள்கிறது. மாமாக்களுக்கோ கருவியே பிடிக்காது. "நான் மூன்று வீடு கட்டியவன்" என்று சொல்லிக்கொண்டு சுவரைக் கையால் தட்டிப் பார்ப்பார்கள். ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பும் மயிரிழை விரிசலைப் பார்த்து மாமா பதறுவார். பெரும்பாலும் அது பூச்சு விரிசல். செங்கல் வரிசைகளில் படிக்கட்டுபோல் ஏறி, மேலே போகப் போக அகலமாகும் விரிசலைக் கடந்து போய்விடுவார். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதன் அடையாளமாக இருக்கக்கூடியது அதுதான்.

"வீடு இடிந்து விழுமா சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை இன்னும் பலர் மறக்கவில்லை. அது கட்டிக்கொண்டிருந்த கட்டடம். குடியிருக்கும் வீடு எங்கோ அரிதாகத்தான் அப்படி விழும்; மற்றபடி ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பணத்தைத் தின்னும்.

சட்டம் கைவிடாது என்ற எண்ணமும் இருக்கிறது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத குறை, விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55ஆவது பிரிவில் சொல்கிறது. அவருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபிப்பதற்குப் பாட்டியையா சாட்சிக்கு அழைக்க முடியும்? ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, கட்டுமானக் குறையை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள்வரை கட்டியவரே தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். நல்ல சட்டம். நான் பார்க்கப்போகும் வீடுகளில் பெரும்பாலானவை அந்த ஐந்தாண்டைத் தாண்டியவை.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் "பார்க்க முடியாதவை" என்று ஒரு பட்டியல் போடுகிறேன். சுவருக்குள் பதித்த குழாய், பூட்டியிருந்த லாஃப்ட், விற்பவர் கொத்திப் பார்க்கச் சம்மதிக்காத தூண். ஒரு துண்டு கான்கிரீட்டைப் பெயர்த்து பினாப்தலீன் என்ற ரசாயனக் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை மிச்சமிருக்கும் இடம் இளஞ்சிவப்பாகிவிடும். நிறம் மாறாத பகுதி கம்பியைக் காக்கும் சக்தியை இழந்தது. ஆனால் இன்னும் தன் பெயரில் இருக்கும் வீட்டைக் கொத்தவிட எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? அந்தப் பக்கத்தை முதலில் படியுங்கள் என்று வற்புறுத்துகிறேன். யாரும் படிப்பதில்லை. நேராக என்னைப் பார்த்து "வாங்கலாமா சார்?" என்றுதான் கேட்கிறார்கள்.

அதற்கு நான் பதில் சொல்வதில்லை. சிலருக்கு இதில் கோபம்கூட வரும். இந்தந்தக் குறைகள், சரிசெய்ய ஏறத்தாழ இவ்வளவு செலவு, இவற்றில் இது அடுத்த மழைக்குள் செய்ய வேண்டியது, இது ஐந்து ஆண்டு தாங்கும் என்பதுவரை என் வேலை. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒழுகும் வீட்டைத் தெரிந்தே வாங்குபவர் முட்டாள் அல்ல. நான் எந்தச் சுவரிலும் அளக்க முடியாத கணக்கு அது.

தரகர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. "நீங்கள் பார்த்தால் இந்த ஊரில் எந்த வீடும் விற்காது சார்" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதத்தை முணுமுணுப்போடாவது கட்டுகிறவர்கள், அதில் ஒரு துளிகூட ஆகாத என் கட்டணத்தைப் பேரம் பேசும்போது தரகர் பக்கம்தான் காற்று அடிக்கிறதோ என்று தோன்றும்.

ஆனால் இப்போது அபூர்வமாக விற்பவர்களும் அழைக்கிறார்கள். வாங்க வருபவர் ஆய்வாளரை அழைத்து வந்து விலையைக் குறைப்பதற்கு முன்னால், என்ன குறை இருக்கிறதென்று தெரிந்து சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர்கள். நான் வந்து பார்க்கும்வரை வர்ணம் அடிக்காதீர்கள் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறேன். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அடித்து முடித்திருக்கிறார்கள்.